பின்சக்கரத்து பேட்

"என் காலைக் குத்தம் சொல்லாத திலீபா! பிரேக்கை மிதிச்சது நான்தான். அதுக்காக கார் சுத்தினதுக்கும் நானே பொறுப்பா? கத்துறியா? கத்து. உனக்கு மட்டுந்தான் தொண்டை இருக்குதா?"

வர்த்தினி கையுறையைக் கழட்டி டூல் பெட்டி மேல வீசினா. காலேஜ் ரேஸ் டீமோட காரை ஓட்டுறவ அவ. அந்தக் காரைப் பிரிச்சு மாட்டிப் பார்த்துக்கறவன் திலீபன். ரெண்டு பேரும் ஒரே கிளாஸ். கோயமுத்தூருக்கு வெளிய இருக்கற டிராக்குல காலையில பிராக்டீஸ் ஓட்டினப்ப, கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால பிரேக் மிதிச்சதும் காரோட பின்பக்கம் சுத்தி முன்னால வந்துருச்சு. போனாப் போகுதுன்னு திரும்பவும் ஓட்டினா, அதே இடத்துல அதே மாதிரி. சாயங்காலம் ஃபைனல். இப்படியே போனா முதல் சுத்துலயே மண்ணுக்குள்ள போய் நிக்கும்.

"என்னது? நான் கேட்டதாலயா? ஆமா, கேட்டேன்! முன்னால கடிக்கற பிரேக் பேட், பின்னால தடவிக் குடுக்கற பிரேக் பேட். அப்படித்தான நீ போட்டு வச்சிருந்த? நாலு சக்கரத்துக்கும் ஒரே பேட் போடுன்னேன். அதுல என்ன தப்பு? சொல்றா!"

திலீபன் சொன்னான். அவ காதுல வாங்கல. காரை நிறுத்தி வேலை பார்க்கற பிட்டுல இருந்தவங்க எல்லாம் ஸ்பேனரைக் கீழ வச்சுட்டு வேடிக்கை பார்த்தாங்க.

வர்த்தினி விறுவிறுன்னு பத்மினி அக்காகிட்டப் போனா. டீமுக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறவங்க அக்கா. அடுக்கி வச்ச டயர் மேல உக்காந்து தேங்காபன்னைப் பிச்சுத் தின்னுட்டு இருந்தாங்க.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. தப்பு பேட்லயா, என் கால்லயா?"

"டீ குடிக்கறயா கண்ணு?"

"டீ வேண்டாம். பதில் வேணும்."

"பதில் ஆறாது. டீ ஆறிரும்."

"நீங்க அவன் பக்கம்."

"நான் டயர் மேல உக்காந்திருக்கேன். ஏன் மாத்தச் சொன்ன?"

"நேத்து ஓட்டி முடிச்சதும் பிரேக் டிஸ்க்குல சூடு பார்த்தேன். முன்னால கிட்டப் போக முடியல. பின்னால சூடு கம்மியா இருந்துச்சு. சப்பரம் தூக்கறப்ப பின்னால இருக்கறவன் சும்மா கைய வச்சுட்டு நடந்தா எரிச்சல் வருமா வராதா? எனக்கு வந்துச்சு."

"பிரேக் அடிச்சா காரோட எடை எங்க போகும்?"

"முன்னால. பரிச்சையில எழுதி மார்க்கே வாங்கியிருக்கேன், என்னைப் போயி கேக்கறீங்க."

"அப்ப பின்சக்கரத்து மேல?"

"கொஞ்சந்தான் மிச்சம் இருக்கும்."

"கொஞ்சமா ஊணியிருக்கறத முரட்டுத்தனமாப் பிடிச்சா?"

வர்த்தினி தலையைச் சிலுப்பினா.

"அதெல்லாம் பேப்பர்ல. பலமாப் பிடிச்சா சீக்கிரம் நிக்கும். அவ்வளவுதான்."

அக்கா கையில இருந்த பன் துகளைத் தட்டிவிட்டாங்க.

"உன் ராசிக் காரைக் குடு."

ஹெல்மெட் பையில ராசிக்குன்னு எப்பவும் ஒரு பொம்மைக் கார் வச்சிருப்பா வர்த்தினி. முறைச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தா. அக்கா அதோட முன்சக்கரம் ரெண்டும் உருளாதபடி டேப் ஒட்டினாங்க. ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சு, மேல இருந்து விட்டாங்க. கார் தேய்ச்சுக்கிட்டு நேரா இறங்குச்சு.

டேப்பை உரிச்சு, பின்சக்கரத்துல ஒட்டி அவகிட்டக் குடுத்தாங்க. "நீயே விடு."

வர்த்தினி விட்டா. பாதிப் பலகையில கார் திரும்பி, முதுகைக் காட்டிக்கிட்டு இறங்குச்சு.

காரை எடுத்து, டேப் கோணலா ஒட்டியிருக்குதான்னு பார்த்தா. இல்ல. மறுபடியும் விட்டா. மறுபடியும் முதுகு.

"கொண்டை ஊசியில இப்படித்தான் வந்துச்சு," அப்படின்னு தனக்குள்ளயே சொல்லிக்கிட்டா.

அக்கா டீயை உறிஞ்சினாங்க.

"சரி, ஒத்துக்கறேன். என் கால் இல்ல, பேட்தான். முன்னாலயும் பின்னாலயும் வேற வேற பேட் அவன் வேணும்னுதான் போட்டிருக்கான். ஆனா அதை நேத்தே சொல்றதுக்கு என்ன அவனுக்கு?"

"சொல்லலயா?"

"சொன்னான். 'வேண்டாம் வர்த்தினி'ன்னு முனகினான். முனகினா யாருக்குக் கேக்கும்? நான் சத்தம் போட்டேன், மாட்டிட்டான்."

"எப்பவுமே அப்படித்தானா?"

"எப்பவுமே! நான் தாம்தூம்னு குதிப்பேன். அவன் சரி சரின்னு கேட்டுக்குவான். அப்புறம் பக்கத்துல வந்து உக்காந்து, 'இதை இப்படிப் பண்ணிப் பார்க்கலாமா'ன்னு மெதுவா இழுப்பான். உப்புச் சப்பில்லாத ஆளு அவன், அக்கா. அப்படியிருந்தவன் இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைப் பார்த்து எப்படிக் கத்தலாம்?"

"அவன் மெதுவா இழுத்துட்டு இருந்தப்ப டீம் எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போச்சு."

"இப்ப?"

வர்த்தினி திரும்பிப் பார்த்தா. கார் ஜாக்கி மேல நின்னுச்சு. கழட்டின சக்கரம் ஒரு மூலையில கெடந்துச்சு. ஒருத்தரும் வேலை செய்யல. பாதிப் பேர் அவ பக்கம், பாதிப் பேர் அவன் பக்கம்னு பிரிஞ்சு நின்னு குசுகுசுன்னு பேசிட்டிருந்தாங்க. திலீபன் மட்டும் காருக்கு முதுகைக் காட்டி, வெயில்ல வெறும் டிராக்கைப் பார்த்துட்டு நின்னான்.

அக்கா காலி டம்ளரைக் கீழ வச்சாங்க.

"நேத்து நீ காருக்கு மட்டுமில்ல, அவனுக்கும் உன்ன மாதிரியே கடிக்கற பேடை மாட்டிவிட்டுட்ட கண்ணு."

வர்த்தினி பொம்மைக் காரோட சக்கரத்துல இருந்த டேப்பை நகத்தால சுரண்டி எடுத்தா. பையில போட்டா. எழுந்து பிட்டுக்கு நடந்தா. அவ வர்றதைப் பார்த்ததும் குசுகுசுப்பு நின்னுச்சு. அடுத்த ரவுண்டு சண்டைன்னு நினைச்சு ரெண்டு பேர் ஒதுங்கி வழி விட்டாங்க.

டூல் பெட்டி மேல கெடந்த கையுறையை எடுத்துக்கிட்டு நேரா அவன் முன்னால போய் நின்னா.

"டேய் திலீபா! இங்க பாரு. நேத்து என்கிட்ட முனகினயில்ல? அதை இப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. பின்சக்கரத்துக்கு எந்த பேட் போடணும்? நீ சொல்லாம நான் இந்தக் கார்ல ஏற மாட்டேன். ம், சொல்லு!"