துணியில் நின்ற ஊசி

சலோமாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவளுடைய குருவுக்கு முப்பத்தொன்று. சிரிக்காதீர்கள், அப்படித்தான் அமைந்தது.

அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், ஆமிஷ் என்னும் பழைய கிறிஸ்தவச் சபைக்காரர்கள் வாழும் ஒரு பள்ளத்தாக்கு அது. கரண்ட் கிடையாது, கார் கிடையாது, குதிரை வண்டிதான். நம்மைப் போல அக்கா, அத்தை என்றெல்லாம் கூப்பிட மாட்டார்கள். பெரியவரோ சின்னவரோ, பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். கல்யாணம் என்றால் பெண்ணுக்கு ஒட்டுப்போர்வை வேண்டும். துண்டுத் துணிகளை இணைத்து மேலே ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டு, ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள்.

சலோமா காலமெல்லாம் மாட்டுக் கொட்டிலில் கிடந்தவள். சின்ன மகள் வெர்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஓர்ப்பாவிடம் போனாள். அந்த வட்டாரத்துப் போர்வைகளுக்கெல்லாம் சாக்குக்கட்டியால் தையல் கோடு போட்டுக் கொடுப்பவள் ஓர்ப்பா. ஒரு கால் சற்றுச் சூம்பியிருக்கும். வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எதைக் கேட்டாலும் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். சலோமாவுக்கும் வந்தது. ஆனாலும் விடாமல் போனாள்.

போர்வை தைக்கும் நாளுக்கு முந்தின வாரம், பால் லாரி ஓட்டுகிறவர் ஒரு சேதி கொண்டுவந்தார். மூத்த மகள் லொவினா வருகிறாளாம். தங்கச்சியின் போர்வையில் தானும் நாலு தையல் போட வேண்டுமாம்.

சேதியைக் கேட்டதும் சலோமா பயந்துபோனாள். காரணம் இருந்தது. லொவினா ஞானஸ்நானம் வாங்கி, சபைக்கு வாக்குக் கொடுத்தவள். கொடுத்த பிறகு வெளியே போய் நர்ஸுக்குப் படித்துவிட்டாள். வாக்குக் கொடுக்கும் முன்பே போயிருந்தால் வருத்தத்தோடு விட்டிருப்பார்கள். கொடுத்துவிட்டுப் போனதால் சபை அவளை விலக்கி வைத்தது. அப்படி விலக்கியவளோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. மீறினால் மீறியவளுக்கும் அதே கதிதான்.

மகளை வராதே என்று சொன்னால், அவள் இனி இந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். வரச் சொல்லி ஏதாவது ஏடாகூடமாக நடந்தால், சலோமாவையே விலக்கிவிடுவார்கள். வெர்னாவின் கல்யாணப் பந்தியில் பெற்றவள் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். புருஷனிடம் சொல்லி அழலாம் என்றால், அவர் மூத்தவளின் பெயரையே வாயில் எடுப்பதில்லை. சலோமா ஓர்ப்பாவிடம் ஓடினாள்.

"அவ வந்தா நான் என்ன செய்ய?"

ஓர்ப்பா ஊசிகளையும் நூல்கண்டையும் அவள் பக்கம் தள்ளி, கோத்து வைக்கச் சொன்னாள். சலோமாவுக்கு நூல் ஊசிக்காதுக்குள் போகவே இல்லை. எச்சில் தொட்டு முறுக்கினாள். அப்படியும் போகவில்லை.

"பயமா இருக்கு ஓர்ப்பா."

"தெரியுது. கோத்து வைங்க."

"பயம் போக ஒரு வழி சொல்ல மாட்டியா?"

"எனக்குத் தெரியாது. சபைக் கட்டுப்பாடு என்ன சொல்லுது?"

சேர்ந்து சாப்பிடக் கூடாது, கையிலிருந்து வாங்கக் கூடாது என்று சலோமா ஒப்பித்தாள்.

"பக்கத்துல உட்காரக் கூடாதுன்னு இருக்கா?"

"இல்லே."

"அப்ப நாற்காலி ஒண்ணு கூடப் போடுங்க."

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நொந்துகொண்டே சலோமா வீடு திரும்பினாள்.

அந்த நாளும் வந்தது. விடிந்ததிலிருந்து சலோமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பாட்டுக்குப் பெரிய மேஜையைப் போட்டாள். அதை ஒட்டி, கையளவு இடைவெளி விட்டு ஒரு சின்ன மேஜையைப் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விரிப்பை விரித்தாள். பிள்ளையை விலக்கி வைத்த வீடுகளில் இது வழக்கம்தான். பார்த்தால் ஒரே மேஜை, தூக்கிப் பார்த்தால் இரண்டு. மனசு கேட்காத எந்தத் தாய் முதலில் கண்டுபிடித்தாளோ, அவள் நன்றாக இருக்கட்டும்.

பெண்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். சபை மூப்பரின் மனைவி ஃப்ரோனியும் வந்தாள். கெட்டவள் இல்லை, ஆனால் கண்ணில் படுவதைக் காணாததுபோல் விடத் தெரியாதவள். எல்லோரும் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு கை மேலே, ஒரு கை துணிக்கு அடியில். பேச்சும் சிரிப்புமாகத் தையல் ஓடியது. சலோமா மட்டும் வாசலுக்குக் காதைக் கொடுத்திருந்தாள். துணிக்கு அடியிலிருந்த கையில் ஊசி ஏறியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

கார் சத்தம் கேட்டது. பேச்சு அப்படியே நின்றது.

லொவினா கதவருகில் வந்து நின்றாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஓர்ப்பாதான் கோடு போட்டுக்கொண்டே, தாய்க்குப் பக்கத்தில் கையளவு தள்ளிக் கிடந்த நாற்காலியைக் காட்டினாள். லொவினா உட்கார்ந்து, கோத்து வைத்திருந்த ஊசி ஒன்றை எடுத்து ஓரத்தைத் தைக்கத் தொடங்கினாள்.

ஓரம் என்றால், முறுக்கிய கயிறு மாதிரி போர்வையைச் சுற்றி வரும் கோடு. கல்யாணப் போர்வையில் அந்தக் கோடு எங்கும் அறுபடக் கூடாது என்று அங்கே ஒரு பயம் உண்டு. சபையில் கேட்டால் அதெல்லாம் சும்மா என்பார்கள். ஆனால் எந்தத் தாயும் அறுத்துப் பார்க்கத் துணிய மாட்டாள். அதனால் கைக்கு எட்டுகிற வரை ஒருத்தி தைப்பாள், நூலை வெட்டாமல் ஊசியை அப்படியே பக்கத்தில் இருப்பவள் கையில் கொடுப்பாள், அவள் வாங்கித் தொடர்வாள்.

லொவினா கைக்கு எட்டும் வரை தைத்து முடித்தாள். பழக்கதோஷத்தில் அவள் ஊசியை அம்மாவிடம் நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. கை பாதியில் நின்றது.

சலோமாவின் கை மடியிலிருந்து தானாகவே எழும்பிவிட்டது. ஃப்ரோனி தையலை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். செத்தோம் என்றே சலோமா நினைத்தாள். வாங்கினால் சபை போயிற்று. வாங்காவிட்டால் இத்தனை பேர் முன்னால் பெற்ற மகளின் கையைத் தட்டிவிட்ட மாதிரி. கோடும் அறுந்துபோகும்.

"லொவினா, ஊசியைத் துணியில குத்தி வை," என்றாள் ஓர்ப்பா. குரலை உயர்த்தவே இல்லை.

லொவினா குத்தினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சலோமா, உங்க பக்கத்துல ஒரு ஊசி நிக்குது."

சலோமா அதை உருவி எடுத்தாள். கோட்டைத் தொடர்ந்து தைத்தாள். முதல் சில தையல்கள் கோணலாகப் போயின. கொஞ்ச நேரம் கழித்து யாரோ கோழிக்குஞ்சு பற்றிப் பேச்சை எடுத்தார்கள்.

சாயங்காலம் புறப்படும்போது லொவினா, கோடு எங்கும் அறுந்துவிடவில்லையே என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சலோமா தலையை அசைத்தாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள். கார் போய்விட்டது.

ஃப்ரோனி கடைசியாகக் கிளம்பினாள். தொப்பியின் நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை மூப்பர் உன்னைக் கேட்பார், சலோமா. உள்ளதை உள்ளபடி சொல்லிடு."

அவள் வண்டி திருப்பம் தாண்டும்வரை சலோமா வாசற்படியிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். ஓர்ப்பா கீழே சிந்திய நூல்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டா நான் என்ன சொல்ல?"

"என்ன எடுத்தீங்க?"

"ஊசி."

"எங்கேருந்து?"

"துணியிலேருந்து."

"அதைச் சொல்லுங்க."

சலோமாவின் முகம் தெளியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஊசி சூடா இருந்துச்சு ஓர்ப்பா. அவ விரல் சூடு. ஊசியைத் துணியிலேருந்துதான் எடுத்தேன், சரி. ஆனா அந்தச் சூடு அவ கையிலேருந்து வந்ததுதானே? அதையும் நான் வாங்கிக்கிட்டேன். யாருக்கும் தெரியாது. அதையும் சபையில சொல்லணுமா? எனக்குப் பயமா இருக்கு."

ஓர்ப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எதுக்குப் பயப்படறீங்க? அவங்க விலக்கி வெச்சிடுவாங்கன்னா? இல்லே, அந்தச் சூட்டைத் திருப்பிக் குடுன்னு கேட்டுடுவாங்கன்னா?"

சலோமா வலது கையை இடது கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.