அந்தரத்தில் ஓடிய கார்

கோயம்புத்தூரில் நாச்சிமுத்து என்றொரு சீடர் இருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நூல் மில்லில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குருவின் பெயர் பர்வீன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பந்தயக் கார்களின் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டுவது அவர் தொழில்.

சீடர்தான் குருவைத் தேடிப் போக வேண்டும் என்பது உலக வழக்கம். இங்கே குரு ஸ்கூட்டரில் வந்தார். சீடர் தம் காரின் ஸ்பிரிங்கை மாற்றி அதைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்திருந்தார். தெருமுனை வேகத்தடையில் அதன் வயிறு உரசியது.

அது ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. மில்லில் இருந்த காலமெல்லாம் மனைவி கமலவேணியை அவர் எங்கும் கூட்டிப் போனதில்லை. இனி இருவரும் ஊர் ஊராகப் போவது என்று வாங்கியது. கமலவேணி ஒரே ஒருமுறை ஏறினார். நீலாம்பூர் போவதற்குள் கழுத்து வலித்தது, வயிற்றைப் புரட்டியது. "ஓரமா நிறுத்துங்க" என்று இறங்கி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தார். அதன்பிறகு அந்தக் கார்ப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

சீடர் விடவில்லை. வெளிநாட்டு இருக்கை போட்டார். வாய் அகன்ற சைலன்சர் மாட்டினார். பின்னால் ஓர் இறக்கை வைத்தார். எல்லாம் வீட்டு போர்டிகோவிலேயே, தம் கையாலேயே. ஒவ்வொன்றுக்கும் பிறகு, "இப்ப வந்து உக்காந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அடுப்பில் எப்போதும் பால் இருந்தது. கமலவேணி இறக்கையை மட்டும் ஒருநாள் வந்து தொட்டுப் பார்த்தார்.

"துணி காயப்போட ஆகும்" என்றார்.

ஆடிக் காற்று வீசிய ஒரு மதியம் சீடர் கேட்டார்.

"குருவே, இன்னும் எதை மாத்தினா அவ ஏறுவா?"

குரு கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவையும் ஏறலீன்னா வித்துடறனுங்க. நாளைக்கு ஒருத்தர் பார்க்க வர்றாரு" என்றார் சீடர்.

விற்றுவிட்டால் இனி இருவருமாக எங்கும் போகப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதை நினைக்கவே பயமாக இருந்தது. குரலில் அது கேட்டது.

குரு ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். நான்கு பக்கமும் இரும்புத் தாங்கி கொடுத்தார். இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். ஆடவில்லை. நான்கு சக்கரமும் அந்தரத்தில் நின்றன.

"பழைய சைலன்சர் எங்க சார்?"

"மாடிப்படிக்குக் கீழ கெடக்குதுங்க."

"கொண்டாங்க."

அதை மாட்டினார்கள். பிறகு குரு கியர்பாக்ஸின் அடித் திருகைக் கழற்றினார். எண்ணெய் கறுப்பாகத் தட்டில் இறங்கியது.

"மோந்து பாருங்க."

"கருகின வாசனைங்க."

"இந்தக் காரை எடுத்துட்டு எங்கெல்லாம் போனீங்க?"

"பைபாஸ் வரைக்கும். போயிட்டுத் திரும்பிருவேன்."

"அங்க யாரு இருக்காங்க?"

சீடர் யோசித்தார். "யாருமில்லீங்க."

புது எண்ணெயைச் சீடரே ஊற்றினார். சிவப்பாக, சத்தமில்லாமல் இறங்கியது. குரு ஒரு சின்னக் கருவியைச் செருகி ஏதோ பொத்தானை அழுத்தினார்.

"என்னங்க பண்ணறீங்க?"

"இந்த கியர்பாக்ஸ், ஓட்டறவங்க காலைப் பார்த்துக் கத்துக்கும் சார். கத்துக்கிட்டதை எல்லாம் அழிச்சாச்சு."

"அப்ப இப்ப அதுக்கு என்னதான் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

சீடருக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அப்போது கமலவேணி மோர் கொண்டுவந்தார். குரு டம்ளரை வாங்கிக்கொண்டு, "அம்மா, ஒரு ஒத்தாசை" என்றார். "உள்ள உக்காருங்க. சார் எப்படி மிதிக்கறாருன்னு பக்கத்துல ஒருத்தர் இருந்து பார்க்கோணும்."

கமலவேணி அந்தரத்தில் நின்ற சக்கரங்களைக் குனிந்து பார்த்தார்.

"ஏனம்மிணி, இது ஓடுமா?" என்று குருவைக் கேட்டார்.

"ஓடும். எங்கயும் போகாது."

"அப்பச் சரி."

முக்காலி போட்டு ஏறினார். தரையோடு கிடந்த கார் இப்போது மனிதர் ஏறும் உயரத்துக்கு வந்திருந்தது. "முட்டி வலிக்காம ஏறுனது இன்னைக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே புடவையைச் சரிசெய்து உட்கார்ந்தார்.

சீடர் என்ஜினைக் கிளப்பினார். கியரைப் போட்டார். சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. எதிரே சுவரில் காகிதப்பூக் கொடி காற்றில் பின்னோக்கிச் சாய்ந்தது. நிழல்கள் கண்ணாடிமேல் ஏறி இறங்கின. கொஞ்ச நேரத்தில் சுவர்தான் நகர்கிறதோ என்று இருந்தது. சீடரின் கால் பழக்கப்படி அழுந்தியது. என்ஜின் உறுமியது.

"மெதுவாங்க. முன்னால மாடு நிக்குது" என்றார் கமலவேணி.

முன்னால் சுவர்தான் நின்றது. ஆனாலும் சீடர் காலை எடுத்தார். மாடு போகட்டும் என்று காத்திருந்தார்.

"போயிருச்சா?"

"போயிருச்சு. இப்பப் போங்க."

அவர் மறுபடி மிதித்தார். இந்த முறை கால் தானாகவே மெல்லப் போனது.

"நாம எங்க வந்திருக்கோம் கமலா?"

"ஆழியாறு தாண்டியாச்சு. மலை ஏறுது, தெரியலையா?"

"தெரியுது."

"வளைவு வருது. ஹாரன் அடிங்க."

சீடர் மெதுவாக ஹாரனைத் தொட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினார். கமலவேணி அந்த வளைவுக்கு ஏற்ற மாதிரி உடம்பைச் சாய்த்து, பிறகு நிமிர்ந்தார். கியர் மாறியது. எப்போது மாறியது என்று சீடருக்கே தெரியவில்லை.

"கண்ணாடியை இறக்கிவிடுங்க. குளிரட்டும்."

இறக்கினார். ஆடிக் காற்று உள்ளே வந்தது. வாசலில் தண்ணீர் லாரி போனது. அதை அருவி என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

"கல்யாணமான புதுசுல சோலையாறு அணைக்குக் கூட்டிட்டுப் போறேன்னீங்க. தூக்குப்போசியில புளிசோறுகூடக் கட்டி வெச்சிருந்தேன்" என்றார் கமலவேணி.

"அன்னைக்குக் காலை ஷிஃப்டுக்கு ஆள் வரலைன்னு மில்லுல கூப்பிட்டுட்டாங்க."

"ஆமா. அதை நான்தான் ரெண்டு வேளையும் தின்னேன்."

சீடர் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டார். மலைப்பாதை வளைந்து வளைந்து போனது. பனி இறங்கிய மாதிரி இருந்தது. பிறகு பக்கத்திலிருந்து பேச்சு வரவில்லை. திரும்பிப் பார்த்தார். கமலவேணி இருக்கையில் தலைசாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார்.

குரு ஜன்னலோரம் வந்து நின்றார். சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"தூங்கிட்டாங்க" என்று சீடர் கிசுகிசுத்தார்.

குரு தலையசைத்தார்.

"நாளைக்கு வர்றவருக்கு நான் என்னங்க சொல்றது? வண்டி ஒரு அடிகூட நகரலையே, குருவே."

"அம்மாவும் இறங்கலையே, சார்."