கலிவரதன் கொட்டிய கோப்புகள்

"பூவண்ணனை இன்றே வெளியேற்றுங்கள்" என்று சொல்லிக்கொண்டே கலிவரதன் உள்ளே நுழைந்தார்.

ஆசிரியை செங்கமலம் நிமிர்ந்து பார்த்தார். மாணவரான கலிவரதனுக்குத் தலை நரைத்திருந்தது. ஆசிரியைக்கு இன்னும் நரைக்கவில்லை.

அந்தக் கணினிக் கூடத்தில் சுட்டியைத் தொடுவார் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்தே கோப்புகளைப் படிப்பார்கள். பழைய மருத்துவச் சுவடிகளை அந்தக் கணினியில் ஏற்றியவன் பூவண்ணன். பல ஆண்டு உழைப்பு.

அத்தனையும் பாழ் என்றார் கலிவரதன். எந்தக் கோப்பைத் திறந்தாலும் கட்டமும் கோடும்தான். ஓர் எழுத்துக்கூட உருப்படியாக இல்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்று, எல்லோர் முன்னிலையிலும் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருந்தார். இனி அந்தக் குப்பையை அடியோடு அழிக்க அனுமதி வேண்டும்.

"முதலில் எதைத் திறந்தீர்கள், ஐயா?"

எதையென்று சொல்வார்? ஒவ்வொன்றாகப் படிக்கப் பொறுமையின்றி, கோப்பில் உள்ளதை அப்படியே காட்டும் 'கேட்' (cat) கட்டளையால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திரையில் கொட்டியிருந்தார். சுவடியின் ஒளிப்படமும் அதில் சேர்த்தி.

"படத்தையுமா?"

"படித்தேன், அவ்வளவுதானே. படித்தால் கோப்பு கெடுமா? அவனுக்குப் பரிந்து பேச நீங்களும் கிளம்பிவிட்டீர்களா?"

செங்கமலம் முகம் சிவந்தது. எழுந்து போய், அவர் கோப்புகளைக் கொட்டிய அதே கணினியின் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

"உங்கள் பெயரை அடியுங்கள்."

அடித்தார். கட்டங்களும் கோடுகளும் விழுந்தன.

விசைகள் அதிர ஓங்கி அடித்தார். அதே குப்பை.

"இதையும் பூவண்ணன்தான் கெடுத்தானா?"

கலிவரதன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

ஆசிரியை 'ரீசெட்' என்று அடித்தார். அடித்தது திரையில் புரியவில்லை. விரல்கள் தயங்கவும் இல்லை. திரை துடைத்தாற்போல் தெளிந்தது. பூவண்ணனின் கோப்பு ஒன்றைத் திறந்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, அளவு, பக்குவம். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

படத்தை எழுத்தென்று விழுங்கிய திரைதான் தடுமாறியிருந்தது. கோப்புகள் இருந்தபடியே இருந்தன.

கலிவரதன் தம் பெயரை மெல்ல அடித்துப் பார்த்தார். கலிவரதன் என்றே வந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"அவனை நான் பேசிய பேச்சுக்கு, அம்மா? அதற்கு என்ன கட்டளை?"

"அதற்குக் கட்டளை கிடையாது. பூவண்ணன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறான். எழுந்து ஓடுங்கள்."