கண்ணிப் பாட்டும் கொடிச் சுருக்கும்

குழந்தைகளே, மூன்று ஓடைகள் கூடும் ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஆசிரியர் ஒரு முள்ளம்பன்றி. அதன் பெயர் கூரியன்.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் வேடர்கள் வந்து புதர்களுக்கு இடையே கண்ணி வைப்பார்கள். அதற்குள் குட்டிகள் கண்ணியை அடையாளம் காணப் பழகிவிட வேண்டும். அதற்கென்றே கூரியன் ஒரு பாட்டுக் கட்டியிருந்தது.

"வளைந்து நிற்கும் கொம்பைப் பார்! வட்டக் கயிறு கீழே பார்!"

குட்டிகள் அதைத் தூக்கத்திலும் பாடும்.

ஓர் ஆண்டு ஆறு குட்டிகள் கண்ணியில் மாட்டி மாண்டன. ஆறும் பாட்டைப் பிழையில்லாமல் ஒப்பித்தவை.

கூரியனுக்குத் தலை சுற்றியது. "சொல்லிக் கொடுத்தேனே! பிறகு ஏன் இப்படி?"

காட்டின் அரசியான யானை சபையைக் கூட்டியது.

"பத்துத் தரம் பாடினால் எப்படி மனத்தில் நிற்கும்? நூறு தரம் பாட வேண்டும். என் குஞ்சு அப்படித்தான் பிழைத்தது" என்றது கிளி.

"அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள். என் நான்கு குட்டிகளையும் முட்டித்தான் வளர்த்தேன். நான்கும் உயிரோடு இருக்கின்றன" என்றது காட்டுப்பன்றி.

"அடுத்த காட்டில் பாடத்துக்கு முன் முரசு கொட்டுகிறார்களாம். நாமும் கொட்டுவோம்" என்றது மயில்.

கூரியன் மூவருக்கும் தலையாட்டியது. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சரி என்று பட்டது.

"ஏதாவது ஒன்றைச் சொல். நாளைக்கே காடு முழுவதும் அப்படித்தான் என்று ஆணையிடுகிறேன்" என்றது அரசி.

அப்போது மகளைப் பறிகொடுத்த தாய் முயல் எழுந்தது.

"கிளியக்கா, என் மகளும் நூறு தரம் பாடினாள். பன்றியண்ணே, அவள் அடியும் வாங்கினாள். பிழைத்தவர்களைத்தான் எல்லோரும் காட்டுகிறீர்கள். அதே பாடம் படித்தும் போனவர்களை யார் எண்ணினீர்கள்?"

கூரியன் அரசியின் முன்னால் வந்து நின்றது.

"அரசி, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மாதம் தாருங்கள். சோதித்துப் பார்க்கிறேன்" என்றது கூரியன்.

அது இருபது குட்டிகளை அழைத்தது. பத்துச் சருகும் பத்துப் பச்சிலையும் கலந்த குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கோர் இலை எடுக்கச் சொன்னது. சருகு எடுத்த பத்தும் பாட்டை நூறு தரம் பாடின. பச்சிலை எடுத்த பத்தையும் கூரியன் புதருக்குள் அழைத்துப் போனது. அங்கே யாருக்கும் வலிக்காத கொடிச் சுருக்குகளைக் கட்டி, "கண்டுபிடியுங்கள்" என்றது. மாட்டிய குட்டியிடம், "எங்கே பார்க்கத் தவறினாய்?" என்று கேட்டு மறுபடியும் தேட வைத்தது.

ஏழாம் நாள், யாரும் போகாத ஒரு பாதையில் சுருக்குகளை மறைத்து வைத்து இருபதையும் ஒவ்வொன்றாக அனுப்பியது. பாடியவற்றில் எட்டு மாட்டின. தேடியவற்றில் மூன்று மாட்டின.

கூரியன் நம்பாமல் மறுபடி மறுபடி எண்ணியது.

"அந்தப் பத்தும் பிறவியிலேயே கெட்டிக்காரக் குட்டிகள்!" என்றது கிளி.

கூரியனுக்கு அதுவும் சரியென்றே பட்டது. குழம்பிப்போய், ஓடைக்கு அக்கரையிலிருந்து வேறு இருபது குட்டிகளை அழைத்து மறுபடியும் சோதித்தது. முடிவு மாறவில்லை. முரசும் கொட்டிப் பார்த்தது. காது வலித்ததுதான் மிச்சம். பன்றியிடம் முட்டு வாங்க மட்டும் எந்தத் தாயும் குட்டியைத் தரவில்லை.

"அப்படியானால் உன் பாட்டு?" என்று கேட்டது அரசி.

கூரியனின் முட்கள் தாழ்ந்தன. "எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, அரசி. ஆனால் அது குட்டிகளைக் காக்கவில்லை."

அன்று முதல் காடு முழுவதும் குட்டிகள் சுருக்குத் தேடிப் பழகின.

அடுத்த மழை ஓய்ந்தது. வேடர்கள் வந்து போனார்கள். இம்முறை மாண்டது ஒரே ஒரு மான்குட்டி.

"பார்த்தாயா? இதுவும் பலிக்கவில்லை!" என்றது காட்டுப்பன்றி.

கூரியனுக்கு மீண்டும் தலை சுற்றியது. "பாட்டுக்கே திரும்பிவிடலாமோ?"

"வாருங்கள் ஐயா, அது மாட்டிய இடத்தை முதலில் பார்ப்போம்" என்றது தாய் முயல்.

இரண்டும் போய்ப் பார்த்தன. கண்ணி ஓடைக்கரையில், நீருக்கு அடியில் கிடந்தது. நீருக்குள் தேட எந்தக் குட்டியையும் யாரும் பழக்கவில்லை.

மறுநாள் காலை கூரியன் முழங்கால் நீரில் நின்று கொடிச் சுருக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தது.

நீதி: பிழைத்தவரை மட்டும் காட்டிப் பாடத்தை மெச்சாதே, தவறியவரையும் எண்ணி, சோதித்து அறிந்து கற்பி.