பன்னிரண்டு தொட்டி, நூற்றிருபது நாற்று

நெடுங்கரை ராஜா முத்துவிஜயர் மோசமானவர் இல்லை. ஆனால் யாராவது அவரைவிட ஒன்று கூடுதலாக வைத்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவ்வளவுதான் அவர் குறை. இந்தக் கதை முழுக்க அந்தக் குறையால் வந்தது.

புரட்டாசியில் பக்கத்து வெண்கோட்டை ராஜாவிடமிருந்து ஓலை வந்தது. எங்கள் மாடியில் பத்துத் தொட்டி, அதில் நூறு தக்காளிச் செடி என்று எழுதியிருந்தார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

தக்காளி அப்போது புதுச் சரக்கு. கப்பலில் வந்த விதை. நெடுங்கரையில் மண் முழுக்க உப்பு, தரையில் போட்டால் முளைக்காது. தொட்டியில் குளத்து வண்டலைக் கொட்டி மாடியில்தான் வளர்க்க வேண்டும். அரண்மனை மாடியோ பழசு. பன்னிரண்டு தொட்டிக்கு மேல் வைத்தால் உத்தரம் தாங்காது, கீழே மகாராஜாவின் கட்டில் இருக்கிறது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதில் மட்டும் ராஜா மறுபேச்சுப் பேசவில்லை.

சரி, பன்னிரண்டு தொட்டியில் எத்தனை செடி? தோட்டக்காரி இருளாயியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தொட்டிக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு என்றாள். சபையில் யாரோ சிரித்தார்கள்.

பிரதானி அனந்தப்பர் எழுந்தார். ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாற்று விரல் நீளம்தான் இருக்கிறது, தொட்டியோ அண்டா அகலம், பத்து வைத்தாலும் இடம் மிச்சம், இவளுக்குத் தண்ணீர் தூக்கச் சோம்பல் என்றார். பன்னிரண்டு தொட்டிக்கு நூற்றிருபது. வெண்கோட்டையைவிட இருபது கூடுதல். ராஜாவுக்கு அந்த இருபது ரொம்பப் பிடித்துவிட்டது.

"இப்ப விரல் நீளம் சாமி. ஐப்பசி கடைசியில இடுப்பு உசரம் வரும். அப்ப வேரு எங்க போகும்?" என்றாள் இருளாயி.

ராஜாவிடம் யாரும் இப்படித் திருப்பிக் கேட்பதில்லை. திங்கட்கிழமைக்குள் நூற்றிருபதும் நட்டாக வேண்டும், தை மாதம் கூடை கூடையாகப் பழம் வர வேண்டும், எது தவறினாலும் வேலையும் போகும், தோட்டத்தில் இருக்கும் வீடும் போகும் என்று உத்தரவாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நட்டால் பழம் வராது. நடாவிட்டால் உத்தரவை மீறியதாகும். எப்படிப் பார்த்தாலும் அவள் வீடு போகும்.

இருளாயி நேராகக் கொண்டலப்பனிடம் போனாள். சபையில் ஒரு மூலையில் உட்காருபவர். அவருக்கு இரண்டே வேலை: ராஜா கேட்டால் பேசுவது, பௌர்ணமிப் பந்தியை நடத்துவது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நாற்றைத் தொடாதே, ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி, அதுவரை பொறு என்று அனுப்பிவிட்டார்.

நெடுங்கரைப் பந்தியில் ஒரு பழக்கம் உண்டு. ராஜா எழுந்திருக்கும்வரை யாரும் இலையை விட்டு எழக் கூடாது. ராஜா மெதுவாகத்தான் சாப்பிடுவார், அதுவரை மற்றவர்களுக்கும் பரிமாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் எல்லோரும் காலையிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வருவார்கள்.

ஞாயிறு மதியம் நூற்றிருபது பேர் வந்தார்கள். ராஜாவுக்கு வழக்கமான வெள்ளித் தட்டு. மற்றவர்களுக்குப் பன்னிரண்டு இலை.

இலைக்குப் பத்துப் பேர் என்று கொண்டலப்பன் கைகாட்டினார். இலையைச் சுற்றி நின்றபோது எல்லோருக்கும் இடம் இருந்தது. உட்கார்ந்ததும் முட்டியோடு முட்டி இடித்தது. சோறு விழுந்ததும் பத்துக் கை ஒன்றாக இறங்கியது. சேனாதிபதியின் முழங்கை புரோகிதரின் விலாவில் இருந்தது. குழம்பு யார் பக்கமும் போகாமல் தரைக்குப் போனது. அனந்தப்பர் கையில் அப்பளத்தின் ஒரு முனை, சேனாதிபதி கையில் மறுமுனை. இரண்டு பேரும் விடவில்லை.

ராஜா இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.

அனந்தப்பரால் பொறுக்க முடியவில்லை. பத்துப் பேருக்கு ஓர் இலையா, இது எந்த ஊர் முறை, கொண்டலப்பர் மகாராஜாவின் பந்தியையே கேவலப்படுத்துகிறார் என்று உட்கார்ந்தபடியே முறையிட்டார். ராஜா அப்போதுதான் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கொண்டலப்பரே, இது என்ன?"

"நூற்றிருபது பேர், மகாராஜா. வெண்கோட்டைப் பந்தியில் நூறு பேர்தானாம். நாம் இருபது கூடுதல்."

"நான் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. இவர்களில் யாராவது சாப்பிட்டார்களா?"

"அது தெரியாது, மகாராஜா. இடம் இருந்தது, வைத்தேன். பிரதானி தொட்டிக்குச் சொன்ன அளவைத்தான் இலைக்கும் வைத்திருக்கிறேன்."

கொண்டலப்பன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"மகாராஜாவுக்கு மட்டும் ஒரு தட்டு, ஒரு ஆள். பலன் பார்த்தாலே தெரிகிறது."

ராஜா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். இந்த இடத்தில் கொண்டலப்பனின் தலை போயிருக்கலாம். போகவில்லை. ராஜா பிரதானி பக்கம் திரும்பி, தொட்டிக்கு எத்தனை செடி என்று மறுபடியும் கேட்டார்.

அனந்தப்பர் அப்பளத்தை விடாமலே பதில் சொன்னார். "ஒன்று."

இருளாயி பன்னிரண்டு நட்டாள். தையில் கூடை கூடையாகப் பறித்தாள். வேலையும் வீடும் ஆயுளுக்கும் அவளுக்கே என்று ராஜா எழுதிக் கொடுத்தார். கொண்டலப்பனுக்குப் பரிசாக ஒரு சால்வை வந்தது. ஒரு கூடைப் பழம் வெண்கோட்டைக்கும் போனது. கூடவே போன ஓலையில் நம் ராஜாவும் நலமா என்று கேட்கவில்லை.

பதில் மறுநாளே வந்தது. எங்கள் நூறு செடியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கிறது, ஒரு பழம்கூட இல்லை, உங்கள் தோட்டக்காரியை ஒரு மாதம் அனுப்ப முடியுமா என்று எழுதியிருந்தார் வெண்கோட்டை ராஜா.

அவளை அனுப்பினால் இங்கே செடியை யார் பார்ப்பது? ராஜா கொண்டலப்பனைப் பார்த்தார்.

"இருளாயி வேண்டாம், மகாராஜா. ஒரு வாழை இலையை அனுப்புங்கள்."

"வெறும் இலையைப் பார்த்தால் அவருக்கு என்ன புரியும்? விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாமா?"

"பிரதானியை அனுப்புங்கள். அவருக்கு அனுபவம் இருக்கிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் மாடியில் ஒரு பழம் அறுந்து விழுந்தது என்பார்கள். அதை நான் நம்பவில்லை. ஆனால் அனந்தப்பர் போனார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.