முதல் கவளம்

பிள்ளை சோற்றை இறைத்துத் தின்றால் சிரிக்கிறோம். பெரியவர் இறைத்தால் மட்டும் ஏன் நமக்கு மானம் போகிறது, சொல்லுங்கள்?

ஆற்றங்கரை மடத்துப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மூன்று மாதமாக எல்லாம் சீடர் தாணப்பன்தான். குளிப்பாட்டுவார், வேட்டி கட்டிவிடுவார், ஊட்டிவிடுவார். ஒரு பருக்கை கீழே விழாது. அதில் அவருக்கு அத்தனை பெருமை.

ஆஸ்பத்திரியிலிருந்து ரெஜினா என்ற பெண் வந்து கைக்குப் பயிற்சி கொடுப்பாள். தட்டில் புளியங்கொட்டையைக் கொட்டிப் பொறுக்கச் சொல்வாள். தாணப்பனுக்கு ஆகவே ஆகாது.

“ஆசீர்வாதம் பண்ற கையம்மா அது. கொட்டை பொறுக்க வைக்கிறியே!”

“ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினா போதும் அண்ணே. சாப்பிட விரலை மடக்கணும்.”

பெரியவர் சிரித்துவிட்டார். தாணப்பன் சிரிக்கவில்லை.

“நான் ஒரு மணி நேரம் செய்ய வைக்கிறேன். மிச்ச நேரம் பூரா நீங்க செய்ய விடுறதில்லை. அப்புறம் கை எப்படி வரும்?” என்றாள் ரெஜினா.

“குருபூசையோட நீ நின்னுக்கோ” என்றார் தாணப்பன். “இனி வர வேண்டாம்.”

குருபூசை வந்தது. பெரியவர் முதல் கவளம் உண்ணாமல் பந்தியில் யாரும் இலையைத் தொடக்கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். கூடம் நிறைய ஆட்கள். சாம்பார் மணக்கிறது. மடியிலிருக்கும் பிள்ளைகள் சிணுங்குகின்றன.

தாணப்பன் சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினார். பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

வலது கையைத் தன் இலையில் வைத்தார். விரல்கள் மெல்ல மடங்கின. கை உயர உயரச் சோறு நழுவியது. மறுபடி அள்ளினார். மடியெல்லாம் சோறு. தாடியில் பருப்பு.

தாணப்பன் வாசலில் நின்ற ரெஜினாவைப் பார்த்துக் கத்தினார்.

“பார்த்தியா? இத்தனை பேர் முன்னாடி எங்க ஐயாவை இப்படி ஆக்கிட்டியே!”

பிறகு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடுங்க ஐயா. ஊரே பசியோட உக்காந்திருக்கு.”

அப்படியொரு கோபத்தைப் பெரியவர் கண்ணில் தாணப்பன் பார்த்ததே இல்லை.

“இந்தக் கொஞ்ச நேரப் பசிக்கே உனக்குப் பதறுதே. நான் மூணு மாசமாப் பசியோட இருக்கேன், தாணப்பா.”

“வேளை தவறாம ஊட்டினேனே, ஐயா!”

“ஊட்டினே. நான் எப்பச் சாப்பிட்டேன்?”

தாணப்பனின் பிடி தளர்ந்தது. பெரியவர் கையை விடுவித்து மீண்டும் இலையில் வைத்தார்.

“இலையில சோறு தீர்ந்துபோச்சு. இன்னொரு கரண்டி போடுப்பா.”