ஆகப் புதிய மாப்பிள்ளை

மன்னார்குடியில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை. புத்தி பங்குவைத்தபோது ஊரில் இல்லாத நாலு பேர் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து, வெப்சைட் செய்துகொடுக்கும் கம்பெனி ஆரம்பித்தார்கள். தலைவர் கலியமூர்த்தி. அவருக்குக் கீழே பாலகுரு, இளஞ்சேரன், தேன்மொழி என்று மூன்று அறிவுக்கொழுந்துகள்.

கலியமூர்த்தி ஒருமுறை சென்னைக்குப் போய்க் கருத்தரங்கு ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார் என்றா சொன்னேன்? தூங்கினார். சாப்பாட்டு வாசனைக்குக் கண் விழித்தபோது மேடையில் யாரோ, "எதை எடுத்தாலும் ஆகப் புதுசாப் பார்த்து எடுங்க, பழசைத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போதாதா? அன்றிலிருந்து அதுதான் கம்பெனியின் சட்டம்.

டீக்கடையில்கூடத் தட்டில் இருக்கும் வடையைத் தொடமாட்டார்கள். அடுத்த ஈடு வரட்டும் என்று நிற்பார்கள். அது வந்தால், எண்ணெயில் அதைவிடப் புதுசு வெந்துகொண்டிருக்குமே! மாவு தீர்ந்ததும் காலி வயிறும் முழுக் கொள்கையுமாக ஆபீசுக்குத் திரும்புவார்கள்.

இந்த மகான்களிடம்தான் வந்து மாட்டினார் ஞானசுந்தரி அம்மாள். கல்யாண மண்டபம் நடத்துபவர். போன ஆவணியில் தெரியாத்தனமாக ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டு வீட்டாரும் அடித்துக்கொண்டதில் குத்துவிளக்கே நெளிந்துபோனது. மண்டபத்தைச் சிமெண்ட் குடோன் ஆக்கிவிடலாம் என்று அவருடைய அண்ணன் வைத்திலிங்கம் அன்றிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியை அண்ணன் கையில கொடுத்துடவேண்டியதுதான் தம்பி" என்று கண் கலங்கினார் அந்த அம்மாள். "ஜனங்க போன்லயே தேதியை அமுக்கணும். ஒருத்தர் அமுக்கிட்டா அது அடுத்தவருக்குப் பூட்டிக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

உடனே ஆலோசனைக் கூட்டம் கூடியது.

"ரியாக்ட்ல செய்யலாம் சார்" என்றான் பாலகுரு.

"சேச்சே, வ்யூதான் சரி" என்றான் இளஞ்சேரன்.

இரண்டுமே வெப்சைட் செய்ய உதவும் கருவிகள். எதில் செய்தாலும் தேதி ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும். அதை யார் இவர்களிடம் சொல்வது?

கலியமூர்த்தி கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டுல எது புதுசு?"

"என்னுதுல போன வாரம் புது வெர்ஷன் வந்திருக்கு."

"என்னுதுல நேத்து!"

நேற்று வந்ததில் வேலை ஆரம்பமானது. இரண்டு வாரம் கழித்து மற்றதில் அதைவிடப் புதுசு வந்தது. செய்ததை அழித்துவிட்டு அதில் ஆரம்பித்தார்கள். அப்புறம் இதில் வந்தது. சித்திரை போய், வைகாசி போய், ஆடியும் பிறந்துவிட்டது. அழிப்பதில் மட்டும் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற நிலைமை.

ஞானசுந்தரி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "யாருக்கு எது பிடிக்குதோ அதுல செஞ்சு தொலைங்கப்பா!"

கஸ்டமர் வாக்கு ஆயிற்றே, மீறலாமா? பாலகுரு தனக்குப் பிடித்ததில் ஒரு வெப்சைட் செய்தான். இளஞ்சேரன் தனக்குப் பிடித்ததில் இன்னொன்று செய்தான். சும்மா சொல்லக்கூடாது, இரண்டும் பிரமாதம். தேதியை அமுக்கினால் கட்டம் சிவந்து, பூட்டிக்கொண்டு, நாதஸ்வரம் வேறு வாசித்தது.

தேன்மொழிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "சார், இதுல பூட்டினா அதுலயும் பூட்டிக்குமா? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குமா?"

"இவனுங்களே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதில்லை. அதுங்க எதுக்கும்மா பேசணும்?"

"அதுவும் சரிதான் சார்."

அப்பாடா, ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தது. யார் மனமும் நோகக்கூடாது என்று மண்டபத்தின் முன்வாசல் போர்டில் ஒரு வெப்சைட் முகவரியையும், பின்வாசல் போர்டில் மற்றதையும் எழுதிவைத்தார்கள்.

ஆவணி முதல் முகூர்த்தம். முன்வாசலில் ஒரு மாப்பிள்ளை வந்து இறங்கினார், மேளதாளத்தோடு. பின்வாசலில் இன்னொருவர் வந்து இறங்கினார், அவரும் மேளதாளத்தோடு. சமையலறையில் இரண்டு சமையல்காரர்கள் ஒரே அடுப்புக்குக் கரண்டியை ஓங்கினார்கள். யாரோ புண்ணியவான் வைத்திலிங்கத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

"பாவிங்களா! என் மண்டபம் போச்சே!" என்று கத்தினார் ஞானசுந்தரி அம்மாள்.

கலியமூர்த்தி பதறவில்லை. "ரெண்டு பேர்ல யார் கடைசியா வந்தது?"

"பின்வாசல்காரர் சார்" என்றாள் தேன்மொழி.

"அப்ப அவர்தான் புது வெர்ஷன். முன்வாசல்காரர் பழசு. வீட்டுக்கு அனுப்பிடு."

முன்வாசல்காரரின் தாய்மாமன் வேட்டியை மடித்துக்கட்டினார். நல்லவேளையாக ஞானசுந்தரி அம்மாள் குறுக்கே விழுந்து, கையைப் பிடித்துக் காலைப் பிடித்து, ஒரே மேடையில் இரண்டு ஜோடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். பெரிய மனசு பண்ணி இரண்டு வீட்டாரும் சம்மதித்தார்கள். இரண்டு மாப்பிள்ளைகளும் தாலியைக் கையில் எடுத்தார்கள். அந்த அம்மாளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

"நிறுத்துங்க!" என்று மேடைக்குத் தாவினார் கலியமூர்த்தி. "வாசல்ல இன்னொரு கார் வருது! இவங்க ரெண்டு பேரைவிடவும் புதுசா இருக்கும்!"

வந்தது வைத்திலிங்கம். வயது அறுபத்திரண்டு. குடோனுக்கு அளவெடுக்கக் கையில் டேப்போடு இறங்கினார். பாலகுருவும் இளஞ்சேரனும் முதல்முறையாக ஒற்றுமைப்பட்டு, ஆளுக்கொரு மாப்பிள்ளையின் கழுத்து மாலையைக் கழற்றி வந்து அவருக்குப் போட்டுக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள்.

"விடுங்கடா! நான் அளவெடுக்க வந்தவன்டா!"

"அதெல்லாம் பிறகு எடுக்கலாம், உட்காருங்க" என்று அவரை அழுத்தி மணையில் உட்காரவைத்தார் கலியமூர்த்தி. "உங்களைவிடப் புதுசு வர்றவரைக்கும் நீங்கதான் மாப்பிள்ளை."

வைத்திலிங்கத்தின் மனைவி அப்போதுதான் காரின் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அதைப் பார்த்துவிட்டுத் தேன்மொழி வாசலிலிருந்து சந்தோஷமாகக் கூவினாள்:

"சார், பொண்ணும் புதுசா வந்துடுச்சு!"